வேலியோரம் தானாய் முளைத்த ஆஷ்

போன கிழமை ஸ்காபரோவில் ஒரு பின்வளவு. கம்பி வேலியோடு ஒட்டியபடி என் மணிக்கட்டுத் தடிப்பில் ஒரு கன்று. "தானா முளைச்சது தம்பி. இலையைப் பாருங்கோ, வேம்பு மாதிரி என்ன வடிவு! நிக்கட்டும்" என்றார் வீட்டுக்கார அக்கா. இந்தக் கோடையில் இது ஐந்தாவது வீடு.

அது ஆஷ் மரம். (சிலர் 'சாம்பல் மரம்' என்று எழுதுகிறார்கள். பாவம், சாம்பலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) ரொறன்ரோவில் அதை நடவும் வேண்டாம், முளைத்ததை வளர்க்கவும் வேண்டாம். பட்டைக்குள் புழுவாய்க் கிடந்து ஆஷைச் சாகடிக்கும் பச்சை வண்டு (emerald ash borer) இங்கே இருக்கிறது.

"பச்சை வண்டுக் கதை எப்பவோ முடிஞ்சுதே" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. முடியவில்லை. 2002இல் டெட்ராய்ட், வின்ட்சர் பக்கம் கண்டுபிடித்தார்கள். 2007இல் ரொறன்ரோவிலும் கண்டார்கள். பெரிய மரங்கள் செத்து முடிய, தீனி இல்லாமல் வண்டும் குறைந்தது. குறைந்ததே தவிர அற்றுப்போகவில்லை. வெட்டிய குற்றியில் வெடிக்கும் தளிரிலும் ஓடைக்கரைக் கன்றுகளிலும் சீவிக்கிறது. ஒரு அங்குலத் தடிப்பு அதற்குப் போதும். சரி, குளிர் கொல்லாதா? பட்டைக்குள் கிடக்கும் புழு சாக, பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையையும் தாண்ட வேண்டும். நம் குளிர் காணாது. நீங்கள் பத்து வருடம் தண்ணீர் ஊற்றுவது வண்டின் பந்திக்குத்தான்.

அக்காவின் கன்றில் பட்டையைச் சுரண்டிக் காட்டினேன். பாம்பு ஊர்ந்த தடம்போல் நெளிநெளியாய் வரி, அதற்குள் அடைத்த மரத்தூள். சற்று மேலே 3, 4 மில்லிமீற்றரில் ஒரு ஓட்டை: ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு, பாதி நிலா மாதிரி. அப்புறம் அவர் பேசவில்லை.

ஏற்கெனவே பெரிய ஆஷ் நிற்கிறதா? உச்சியில் இலை நிறைந்திருந்தால் அடிமரத்தில் வண்டுக்கு எதிரான ஊசி போடலாம். இங்கே போடும் ஒரு மருந்து வேப்பங்கொட்டையில் எடுப்பது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு காய்ந்தபின் ஊசிக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். வெட்டக் கூப்பிடுங்கள், அதுவும் கெதியாக. செத்த ஆஷ் முறுக்குப்போல் முறியும், அதில் கயிறு கட்டி ஏற நான் தயாரில்லை. 30 சென்ரிமீற்றர் தடிப்பு என்றால் முதலில் நகரசபையைக் கேளுங்கள். அந்த விறகைக் கொட்டேஜுக்கு ஏற்றிப் போகாதீர்கள், தயவுசெய்து. வண்டு ஊர்விட்டு ஊர் போனதே அப்படித்தான்.

நட ஹக்பெரி இருக்கிறது, பர் ஓக் இருக்கிறது. தெரு முழுக்க ஒரே இனம் மட்டும் வேண்டாம். எல்ம் மரங்கள் நோயில் செத்த இடங்களில் வரிசையாக நட்டதுதான் இந்த ஆஷ்.

"அப்ப வேம்பு நடலாமோ தம்பி?" என்றார் அக்கா.

"சாடியில வையுங்கோ. பனிக்கு முன்னம் உள்ளுக்க எடுத்துப் போடுங்கோ."