அமினோ பாட்டிலுக்குத் தனியாகக் காசு கேட்டால்

குடலில் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். இன்னும் வாய்வழியே எதுவும் கொடுக்கவில்லை. நர்ஸ் ஒரு சீட்டை நீட்டி, "அமினோ ஆசிட் பாட்டில் ரெண்டு, கீழே பார்மசியில வாங்கிட்டு வந்துடுங்க" என்கிறார். ஆபரேஷன் நடந்ததோ முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில். அப்படியென்றால் இந்தப் பாட்டிலுக்கு நாம் காசு கட்ட வேண்டுமா? வேண்டியதில்லை.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு இந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். பட்டியலில் உள்ள ஆபரேஷன் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகுப்புத் தொகை உண்டு. படுக்கை, டாக்டர் கட்டணம், மருந்து, பரிசோதனை, நோயாளியின் சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். வார்டில் படுத்திருக்கும்போது டாக்டர் எழுதி ஏற்றும் அமினோ பாட்டிலும் மருந்துதான்.

அந்தப் பாட்டிலில் என்னதான் இருக்கிறது? வழக்கமான 5 சதவீதக் குளுக்கோஸ் அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை. புரதம் துளியும் கிடையாது. 10 சதவீத அமினோ ஆசிட் அரை லிட்டரில் 50 கிராம், புரதத்தின் மூலப்பொருள். ஆபரேஷன் ஆனவருக்குக் கிலோவுக்கு 1.5 கிராம் புரதம் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 90 கிராம், அதனால்தான் சீட்டில் இரண்டு பாட்டில். இதை மட்டும் ஏற்றினால் போதாது. சர்க்கரையும் கொழுப்பும் கூடவே போகாவிட்டால், காயம் ஆறுவதற்காகக் கொடுத்த புரதத்தை உடம்பு விறகாக எரித்துவிடும். சில வார்டுகளில் பால் மாதிரி வெள்ளையாகத் தொங்கும் பை, மூன்றும் கலந்தது. செறிவு அதிகமென்றால் கையிலுள்ள சின்ன ரத்தக் குழாய் எரியும் என்பதால், கழுத்துப் பக்கம் பெரிய ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். "சத்து பாட்டில் போடுங்க டாக்டர்" என்று நாமே கெஞ்சக் கூடாது. குடல் வேலை செய்தால் கஞ்சியோ குழாய் வழி உணவோதான் மேல். கிட்னி, கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அளவே மாறும்.

சரி, சீட்டு கைக்கு வந்தால்? பார்மசிக்கு ஓடாதீர்கள். மருத்துவமனையில் காப்பீட்டுத் திட்டத்துக்கென இருக்கும் தொடர்பு அலுவலரிடம் போய், "இது தொகுப்பில் வராதா?" என்று கேளுங்கள். மழுப்பினால் அங்கேயே நின்று 1800 425 3993-க்குப் போன் போடுங்கள், கட்டணமில்லா எண்தான். என் சித்தப்பா படுத்திருந்தபோது இது தெரியாமல் நான்கு நாள் காசு கட்டினோம். பில்லும் வாங்கி வைக்கவில்லை, அப்புறம் எதைக் காட்டிக் கேட்பது? அவசரத்தில் கட்டிவிட்டாலும் சீட்டு, பில் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

ராஜீவ் காந்தி, ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனைகளிலும் இந்த அட்டை செல்லும். அட்டை எடுக்காத சென்னைக்காரர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழோடு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும். காலையிலேயே போனால் வரிசை குறைவு.