பாட்டி பொய் சொல்லவில்லை: டிஎன்ஏ பூர்வீகப் பரிசோதனைக்கு எச்சில் அனுப்பும் முன்

இந்த மாதத்தில் இது நான்காவது. பூர்வீகப் பரிசோதனை அறிக்கையைக் கைபேசியில் திறந்து என் மேசைமேல் வைத்துவிட்டு, "எங்க பாட்டி சொன்னதெல்லாம் பொய் மேடம்" என்று ஆரம்பிக்கிறார்கள். மரபணு ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அலுப்பைவிட வருத்தம் அதிகம். வந்த நான்கு பேரில் ஒருவருடைய அறிக்கையிலும் பாட்டியைப் பொய்யராக்கும் அளவுக்கு எதுவும் இல்லை.

கடைசியாக வந்த பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய சொந்தங்கள் மூன்று கண்டங்களில் இருக்கிறார்கள். பாட்டியின் கொள்ளுப்பாட்டி மடகாஸ்கரில் பிறந்தவர் என்பது வீட்டில் வழிவழியாக வரும் பேச்சு. பிறந்தநாள் பரிசாக யாரோ பரிசோதனைப் பெட்டி ஒன்றைக் கொடுக்க, குழாயில் எச்சில் துப்பி அனுப்பியிருக்கிறார். சில வாரங்களில் அறிக்கை வந்தது. மடகாஸ்கர் என்ற பெயரே அதில் இல்லை. தென்கிழக்கு ஆப்பிரிக்கா 2 சதவீதம், பிலிப்பைன்ஸ் 1 சதவீதம் என்று இருந்தது. அன்றிரவே பாட்டியைக் கூப்பிட்டு, "மடகாஸ்கர்னு கதை விட்டீங்களே, யாரு பாட்டி அந்த பிலிப்பைன்ஸ்காரர்?" என்று கேட்டுவிட்டார். பாட்டிக்கு 86 வயது. அதன் பிறகு பேத்தியின் அழைப்பை அவர் எடுக்கவேயில்லை.

கைபேசியை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். பாட்டி சொன்ன கதை அந்தத் திரையிலேயே இருந்தது.

மடகாஸ்கர் மக்களின் முன்னோர் இரண்டு திசைகளிலிருந்து வந்தவர்கள். ஒரு பகுதியினர் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த பாண்டு மொழியினர். இன்னொரு பகுதியினர் இந்தியப் பெருங்கடலைக் கலத்தில் கடந்து, இன்றைய இந்தோனேசியப் பக்கமிருந்து வந்த ஆஸ்ட்ரோனேசியர்கள். மடகாஸ்கரில் பேசும் மலகாசி மொழிக்கு நெருங்கிய சொந்தம் இன்றைக்கும் போர்னியோ தீவில்தான் பேசப்படுகிறது. அந்தப் பரிசோதனை நிறுவனத்தின் பட்டியலில் மடகாஸ்கருக்கென்று தனி இடம் இல்லை. ஆகவே கணினி அந்தக் கொள்ளுப்பாட்டியிடமிருந்து வந்த டிஎன்ஏ துண்டுகளை இரண்டாகப் பிரித்து, கைவசம் இருந்த பெயர்களில் எவை நெருக்கமோ அவற்றின்கீழ் போட்டுவிட்டது. பாட்டியின் கொள்ளுப்பாட்டி என்றால் இந்தப் பெண்ணுக்கு ஐந்து தலைமுறை மேலே. சராசரியாக முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது 3 சதவீதம் வர வேண்டும். வந்திருப்பதும் 3. இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன். இவ்வளவு சிறிய எண்ணில் பிழையும் கலந்திருக்கலாம். ஆனால் பாட்டியின் பேச்சுக்கு எதிராக இதில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. அந்தப் பெண் அப்படியே அமர்ந்திருந்தார். கண் கலங்கிவிட்டது.

இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை என்பதால் மறுபடியும் சொல்கிறேன். உங்கள் டிஎன்ஏவில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கவில்லை. நாட்டுப் பெயரும் இல்லை. சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட மரபுத்தொகுதியில் ஏறக்குறைய 6 அல்லது 7 லட்சம் இடங்களை மட்டும் இந்தப் பரிசோதனைகள் படிக்கின்றன. படித்ததை, நிறுவனம் தன்னிடம் வைத்திருக்கும் ஒப்பீட்டு மாதிரிகளோடு பொருத்திப் பார்க்கின்றன. அந்த மாதிரிகளைக் கொடுத்தவர்கள் யார்? இன்றைக்கு உயிரோடு இருப்பவர்கள். தாத்தா பாட்டி நால்வரும் ஒரே பகுதியில் பிறந்ததாகச் சொன்னவர்கள். முந்நூறு வருடத்துக்கு முன் அங்கே வாழ்ந்தவர்களின் எச்சில் எந்த நிறுவனத்தின் குளிர்பெட்டியிலும் இல்லை. ஆகவே "ஸ்காண்டினேவியா 22 சதவீதம்" என்று இருந்தால், நிறுவனத்திடம் உள்ள மாதிரிகளில் உங்கள் டிஎன்ஏவின் 22 சதவீதம் அந்தப் பகுதிக்காரர்களோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று பொருள். உங்கள் முன்னோரில் நூற்றுக்கு 22 பேர் அங்கிருந்து கப்பலேறினார்கள் என்று பொருளே இல்லை.

மாதிரி எங்கே அதிகமோ, அங்கே துல்லியம் அதிகம். ஐரோப்பியப் பூர்வீகம் உள்ளவருக்கு மாவட்ட அளவில் பிரித்துக் காட்டுகிறார்கள். மற்றவர்களுக்கு ஒரு பெரிய நிலப்பரப்பையே ஒரே நிறத்தில் பூசிவிடுகிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் எடுத்தாளும் ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டம் 2015-இல் முடிந்தபோது அதில் இருந்தவர்கள் 2,504 பேர், 26 மக்கள் குழுக்கள். தெற்காசியா முழுமைக்கும் ஐந்தே குழுக்கள். அவற்றிலும் குஜராத்தி மாதிரிகள் எடுக்கப்பட்டது அமெரிக்காவின் ஹூஸ்டனில். தெலுங்கர் மாதிரியும் இலங்கைத் தமிழர் மாதிரியும் பிரிட்டனில். பரிசோதனை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களையும் சேர்த்துப் பெரிய தொகுப்பு வைத்திருக்கின்றன, உண்மைதான். வாடிக்கையாளர்களில் யார் அதிகம் என்று யோசித்துப் பாருங்கள்.

தொகுப்பு பெரிதாகும்போது உங்கள் சதவீதமும் மாறும். போன வருடம் 8 சதவீதம் இத்தாலி, இந்த வருடம் இத்தாலியே காணோம் என்று பதறி எழுதுகிறார்கள். உங்கள் டிஎன்ஏ மாறவில்லை, தொகுப்பு மாறியிருக்கிறது. கனடாவின் சிபிசி தொலைக்காட்சி 2019-இல் ஒளிபரப்பிய நிகழ்ச்சியில், ஒரே உருவ இரட்டைச் சகோதரிகள் இருவர் ஐந்து நிறுவனங்களுக்கு மாதிரி அனுப்பினார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் விடை வேறு. ஒரே நிறுவனத்திலேயே அக்காவுக்கும் தங்கைக்கும் எண்கள் ஒத்துவரவில்லை. அவர்களுடைய டிஎன்ஏ ஏறக்குறைய அச்சு அசல் ஒன்றுதான்.

"0 சதவீதம்" என்று வந்தால்? அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி வருகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அம்மா கொடுக்கும் அந்தப் பாதியில் தாத்தாவின் பங்கும் பாட்டியின் பங்கும் சரிசமமாக இருக்காது. சீட்டுக்கட்டைக் கலைத்துப் பாதியை எடுத்துக் கொடுப்பதுபோலத்தான். உங்கள் தம்பிக்குக் கிடைத்த பாதி வேறு, உங்களுக்குக் கிடைத்த பாதி வேறு. "அவனுக்கு 6 வந்திருக்கு, எனக்கு 2தான், நாங்க ஒரே அம்மாவுக்குப் பிறக்கலையா?" என்று கேட்டு ஒருவர் இரவெல்லாம் தூங்காமல் வந்தார். ஒரே அம்மாதான் ஐயா, கலைப்பு வேறு. பத்துத் தலைமுறை மேலே போனால் முன்னோர் இடங்கள் 1,024. அத்தனை பேரும் உங்கள் வம்சாவளியில் இருக்கிறார்கள், ஆனால் அவர்களில் பலரிடமிருந்து உங்கள் உடம்பில் ஒரு துண்டுகூட இல்லை. அதனால் அவர்கள் உங்கள் முன்னோர் இல்லை என்று ஆகிவிடுமா?

இன்னொன்று. அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் டிஎன்ஏ பகுதியான ஒய் குரோமோசோம் அப்பாவின் அப்பாவின் அப்பா என்று ஒரே கோட்டில் போகும். அம்மாவிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்டிரியா டிஎன்ஏ அம்மாவின் அம்மாவின் அம்மா. இடையில் ஆண் பெண் மாறி வரும் கிளைகள் எதையும் இவை தொடுவதில்லை. பாட்டியின் அப்பா யார் என்று தேடுகிறவர் மைட்டோகாண்டிரியா பரிசோதனைக்குப் பணம் கட்டிவிட்டு என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய?

பெற்றோர் வெவ்வேறு கண்டத்தவர் என்றால் கண்ட அளவிலான பிரிப்பு பெரும்பாலும் நம்பத்தக்கது. பக்கத்து நாடுகளுக்கிடையேயான பிரிப்பில் பாதி நம்பிக்கை வையுங்கள். 1, 2 சதவீதங்களைத் தனியாக வைத்து எதையும் கட்டாதீர்கள். குடும்பப் பேச்சும் ஆவணமும் அதே பக்கம் கை காட்டினால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சதவீதத்தைக் காட்டி எந்தச் சமூகத்திலும் உரிமை கேட்டு நிற்காதீர்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி தேசம் குடியுரிமைக்குக் கேட்பது, டாஸ் பதிவேடு என்ற பழைய அரசுப் பெயர்ப் பட்டியலில் பெயருள்ள ஒருவரிடமிருந்து நேரடி வழித்தோன்றல் என்ற ஆவணத்தை. டிஎன்ஏ அறிக்கை அங்கே செல்லாது.

உங்கள் டிஎன்ஏவோடு ஒத்துப்போகும் மற்ற வாடிக்கையாளர்களை அறிக்கையோடு காட்டும் சொந்தக்காரர் பட்டியலுக்கு வருகிறேன். மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுதான். அதில் உறவுப் பெயரைப் பார்க்காதீர்கள், இருவருக்கும் பொதுவான டிஎன்ஏ எவ்வளவு என்று சொல்லும் சென்டிமார்கன் எண்ணைப் பாருங்கள். சுமார் 1,750 என்று இருந்தால் அவர் ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான சகோதரராக இருக்கலாம். அத்தை, மாமா, சித்தப்பாவாக இருக்கலாம். தாத்தாவாகவோ பேரனாகவோ இருக்கலாம். எண் ஒன்றே. வயதையும் மற்றச் சொந்தங்களையும் வைத்துத்தான் பிரித்தறிய முடியும். தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணம் முடித்த குடும்பங்களில் இந்த எண் ஊதிப்போய், தூரத்துச் சொந்தம் கிட்டத்துச் சொந்தம்போலத் தெரியும். இதெல்லாம் பார்க்காமல், "அப்பா, எனக்கு இன்னொரு அண்ணன் இருக்காராமே" என்று நள்ளிரவில் குடும்பக் குழுவில் செய்தி போட்டவரை எனக்குத் தெரியும். பட்டியலில் வந்தவர் அண்ணன் இல்லை, செய்தி போட்டவருடைய அப்பாவின் தம்பி. சிறுவயதில் தத்துக் கொடுக்கப்பட்டவர். விஷயம் தெளிவாக மூன்று வாரமாயிற்று. அந்த மூன்று வாரம் அந்த வீட்டில் அம்மா எப்படி இருந்திருப்பார்?

சில வேளை சந்தேகம் உண்மையாகவும் இருக்கும். அப்பா என்று நினைத்தவர் பிறப்பால் அப்பா இல்லை என்று தெரியவரும். தயவுசெய்து, முதல் நாள் யாரிடமும் பேசாதீர்கள். ஒரு ஆலோசகரிடம் வாருங்கள், இல்லையென்றால் நம்பகமான ஒருவரிடம் மனதைக் கொட்டுங்கள். அம்மாவிடம் கேட்பதென்றால் நேரில், தனியாக, உட்கார்ந்து கேளுங்கள். அந்தப் பட்டியலைத் திறக்க மனம் தயாரில்லை என்றால் அந்த வசதியை முடக்கி வைக்கலாம். பலருக்கு இது தெரியவே தெரியாது.

பூர்வீகம் பார்க்க எடுத்த மூலத்தரவை இறக்கி, ஏதோ ஒரு தளத்தில் ஏற்றி, "எனக்குப் புற்றுநோய் மரபணு இருக்கிறது" என்று அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு ஒரு சொல்: அந்தத் தரவு மருத்துவத் தரத்தில் வாசிக்கப்பட்டதில்லை. 2018-இல் வெளியான ஆய்வொன்றில், இப்படி வந்த 49 பேரின் மாதிரிகளை மருத்துவ ஆய்வகம் சரிபார்த்தபோது, சொல்லப்பட்ட மரபணு மாற்றங்களில் 40 சதவீதம் அங்கே இல்லவே இல்லை. மறுபக்கமும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கான பிராக்கா மரபணுக்களில் 2018-இல் அமெரிக்க அரசு வீட்டுப் பரிசோதனைக்கு அனுமதித்தவை மூன்றே மாற்றங்கள், அஷ்கனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. தெரிந்த மாற்றங்களோ ஆயிரத்துக்கும் மேல். வேறு பூர்வீகக்காரருக்கு அந்த மூன்றும் இல்லை என்று வந்தால், அதை வைத்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. குடும்பத்தில் நோய் வரலாறு இருந்தால் முறையான பரிசோதனைக்கு வாருங்கள்.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் எச்சில் அனுப்பவே வேண்டாம். கொடையாளியின் பூர்வீகமும் கலந்து வரும்.

பாதுகாப்பு. 2023-இல் 23அண்ட்மீ என்ற பரிசோதனை நிறுவனத்தில் சுமார் 14,000 கணக்குகளுக்குள் திருடர்கள் நுழைந்தார்கள், வேறு தளங்களில் கசிந்த அதே கடவுச்சொல்லை வைத்து. சொந்தக்காரர் பட்டியல் வழியாக வெளியே போனது சுமார் 69 லட்சம் பேரின் விவரம். அதே நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. வாடிக்கையாளர் டிஎன்ஏவும் விற்பனைச் சொத்துகளில் ஒன்றாக நின்றது. எனவே தனிக் கடவுச்சொல், இரட்டைச் சரிபார்ப்பு இரண்டும் கட்டாயம். ஆராய்ச்சிக்குச் சம்மதம் என்ற கட்டத்தைப் படிக்காமல் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் அறிக்கையை இறக்கிக்கொண்டு, தரவையும் எச்சில் மாதிரியையும் அழிக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கலாம். பிரான்சில் இந்தப் பரிசோதனையே சட்டவிரோதம். செய்துகொண்டவருக்கு 3,750 யூரோ வரை அபராதம். உங்கள் நாட்டுச் சட்டத்தை முதலில் பாருங்கள். காப்பீட்டு விண்ணப்பத்தில் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்பார்களா என்பதையும் பாருங்கள். மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம்கூட ஆயுள் காப்பீட்டுக்குப் பொருந்தாது.

குழந்தைகளின் எச்சிலை அனுப்பாதீர்கள். அவர்கள் வளர்ந்து, வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே சொல்லட்டும். ஒருமுறை ஏற்றிவிட்டால் நீங்கள் மட்டுமல்ல, உங்கள் அத்தை பிள்ளைகளும் கண்டுபிடிக்கப்படக் கூடியவர்களாக ஆகிறார்கள். 2018-இல் கலிபோர்னியாவில் பல்லாண்டுகளாகப் பிடிபடாத கொலையாளி சிக்கியதும் தூரத்துச் சொந்தங்கள் ஏற்றி வைத்த டிஎன்ஏ வழியாகத்தான். அது நல்ல காரியம். கதவு எல்லோருக்கும் அதே கதவுதான்.

அந்தப் பெண்ணிடம் இரண்டு வேலை சொன்னேன். ஒன்று, ஆவணங்கள். அடிமைப்படுத்தப்பட்டவர்களைப் பற்றிப் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் 1813 முதல் 1834 வரை எழுதப்பட்ட பதிவேடுகள் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக, இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குப் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் அப்பா பெயர், கிராமம், உடம்பில் இருந்த தழும்புவரை எழுதியிருக்கிறார்கள். எச்சில் எந்த நாளும் தராத விவரம் அது. இரண்டாவது, பாட்டி.

மன்னிப்புக் கேட்கப் போனவர், பாட்டியும் பரிசோதனை செய்துகொண்டால் எண் இன்னும் தெளிவாக வருமே என்று கேட்டிருக்கிறார். அவர் கணக்கு சரிதான். பாட்டிக்கு 12 சதவீதம் பக்கம் வர வேண்டும். ஆனால் பாட்டி, "என் எச்சில எங்கயும் அனுப்ப வேண்டாம் கண்ணு, கேக்கறத என்கிட்ட கேளு" என்று சொல்லிவிட்டார். அதை வற்புறுத்தக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பேத்தி நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருகிறார். போன வாரம்வரை 31 பெயர்கள் எழுதியாகிவிட்டன, கொள்ளுப்பாட்டியின் தங்கை பெயர் உட்பட.