இதயத்தில் கட்டியுள்ள குழந்தை: குமரி மாவட்டப் பெற்றோருக்கு எது இலவசம், எங்கே கேட்பது?

கர்ப்பகால ஸ்கேனில் குழந்தையின் இதயத்தில் கட்டி தெரிந்தால் அது பெரும்பாலும் ராப்டோமயோமா. புற்றுநோய் அல்ல. ஒன்றுக்கு மேல் இருந்தால், வலிப்பும் வரவைக்கக்கூடிய டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணுக் கோளாறா என்று பார்ப்பார்கள். பிறந்த சில வருடங்களில் கட்டி தானாகச் சுருங்குவதே வழக்கம். ரத்த ஓட்டத்தை மறித்தாலோ, தாறுமாறான துடிப்பு மருந்துக்கு அடங்காவிட்டாலோதான் ஆபரேஷன். அதனால் பலருக்கும் கையைக் கடிப்பது திரும்பத் திரும்ப எடுக்கும் எக்கோவும் (இதய ஸ்கேன்) ஈசிஜியும் வண்டிச் செலவும்தான்.

ஒரு வயது வரை இதற்கு ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் மருந்து, பரிசோதனை, ரத்தம், பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றும் வண்டி, வீடு திரும்பும் வண்டி எல்லாம் இலவசம்; வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். பரிசோதனையை வெளியே எடுத்து வரும்படி சீட்டு எழுதினால், திட்டத்தின் பேரைச் சொல்லியே கேளுங்கள்.

அதன்பிறகு 18 வயது வரை கைகொடுப்பது ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற குழந்தைகள் நலத் திட்டம். பிறவி இதய நோய், வலிப்பு இரண்டும் அதன் பட்டியலில் உண்டு. அங்கன்வாடிக்கு அதன் மருத்துவக் குழு வரட்டும் என்று காத்திருக்காமல், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் இத்திட்டப் பரிந்துரைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். முதல் பிறந்தநாளுக்கு முன்பே வாங்கிவிட்டால் இடைவெளி விழாது.

முதலமைச்சர் காப்பீடு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. சிக்கல் வருவது ரேஷன் கார்டில்தான்: பிள்ளையின் பெயரை யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் கிடைத்ததும் இ-சேவை மையத்தில் பெயரைச் சேருங்கள்; பிறகு விஏஓவிடம் வருமானச் சான்று, நாகர்கோவில் கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் பதிவு. மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்தவர்கள் சட்டென்று திருவனந்தபுரம் போய்விடுவார்கள். நம் காப்பீட்டு கார்டு அங்கே செல்லுமா என்று காப்பீட்டுத் திட்டத்தின் 1800 425 3993 எண்ணில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கைக்குழந்தை அழாமல் கிடக்கும்போதும் துடிப்பு நிமிடத்துக்கு 220-ஐத் தாண்டி நின்றால், பால் குடிக்காமல் வெளுத்து வியர்த்தால், உடனே 108. அந்த நேரத்தில் எடுத்த ஈசிஜி தாளின் நகலைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். ஊசி போட்டுத் துடிப்பு சீரானபின் எடுக்கும் ஈசிஜியில், வந்தது எந்த வகைத் துடிப்பு என்பது தெரியாமல் போகலாம். அடுத்த மருத்துவர் மருந்தை முடிவு செய்வது அந்தத் தாளை வைத்துத்தான்.