ஒரு ஃபிரேம் தவறினால் என்ன ஆகும்? சொல்லறிதல் நேரத்தை அளக்கும் டிஎம்டிஎக்ஸ்

திரையில் ஓர் எழுத்துத்தொடர் தோன்றும். அது சொல்லா இல்லையா என்று இரண்டு விசைகளில் ஒன்றை அழுத்த வேண்டும். பழகிய சொல் என்றால் பெரியவர்கள் பெரும்பாலும் 500 முதல் 700 மில்லிநொடிக்குள் அழுத்திவிடுவார்கள். இரு வகைச் சொற்களுக்கு இடையே ஆய்வாளர் தேடும் வேறுபாடோ பல நேரம் 20, 30 மில்லிநொடிதான்.

இந்த வேலைக்கென அரிசோனா பல்கலைக்கழகத்தில் கென்னத் ஃபார்ஸ்டரும் ஜோனதன் ஃபார்ஸ்டரும் உருவாக்கிய இலவச விண்டோஸ் மென்பொருள் டிஎம்டிஎக்ஸ். சோதனை முழுவதும் ஓர் உரைக்கோப்பில் அடங்கும். உருப்படி கூட்டல் குறியில் தொடங்கினால் சரியான விடை 'ஆம்', கழித்தல் குறி என்றால் 'இல்லை'. அடுத்து உருப்படி எண், மேற்கோளுக்குள் காட்ட வேண்டிய எழுத்துகள், காட்சிகளுக்கு இடையே சாய்கோடு, முடிவில் அரைப்புள்ளி. கடிகாரம் ஓடத் தொடங்க வேண்டிய காட்சியில் நட்சத்திரக் குறி இட வேண்டும். அது ஒரு காட்சி தள்ளி விழுந்தாலும் எண்கள் ஒழுங்காகத்தான் வரும். அளந்தது மட்டும் வேறொன்றாக இருக்கும். தவறான விடைகளின் நேரம் எதிர்ம எண்ணாகப் பதிவாகும். அவற்றை நீக்காமல் சராசரி எடுத்தால் 600ம் −600ம் சேர்ந்து பூஜ்யம்!

விசைப்பலகையைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். சாதாரண யுஎஸ்பி விசைப்பலகையைக் கணினி 8 மில்லிநொடிக்கு ஒருமுறை விசாரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் வரும் சிதறலின் திட்ட விலக்கம் சுமார் 2.3 மில்லிநொடி. ஒரே ஆளின் விடைநேரமே முறைக்கு முறை 100 மில்லிநொடிக்கு மேல் ஏறி இறங்கும்போது, இது கணக்கிலேயே வராது. விசைப்பலகையின் நிலையான தாமதமும் இரு வகைச் சொற்களுக்கும் ஒன்றே என்பதால் கழித்தலில் போய்விடும். ஆனால் ஒரு குழுவை ஒரு கணினியிலும் மற்றதை வேறொன்றிலும் உட்காரவைத்தால் கழியாது.

உண்மையான ஆபத்து திரையில். 60 ஹெர்ட்ஸ் திரை 16.67 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும்; அந்த ஒரு சுற்றுதான் ஒரு ஃபிரேம். 55 மில்லிநொடி காட்டு என்றால் அதனால் முடியாது. கென்னத் ஃபார்ஸ்டரும் டேவிஸும் 1984இல் வெளியிட்ட மறைமுன்தூண்டல் முறையை (இலக்குச்சொல்லுக்கு முன் இன்னொரு சொல்லைக் கண்ணுக்குப் படாத வேகத்தில் காட்டுவது) இன்று அமைத்தால், 30 ஃபிரேம் (500 மில்லிநொடி) திரைமறைப்புக் குறிகள், 3 ஃபிரேம் (50 மில்லிநொடி) சிறிய எழுத்தில் தூண்டுசொல், பிறகு பெரிய எழுத்தில் இலக்குச்சொல். பின்னணியில் ஏதோ அப்டேட் ஓடி ஒரு ஃபிரேம் தவறினால் 50 என்பது 67 ஆகிவிடும். சிலருக்குத் தூண்டுசொல் கண்ணில் பட்டுவிடும். அப்புறம் அது வேறு சோதனை. தமிழில் சிறிய, பெரிய எழுத்து வேறுபாடு இல்லாததால், இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியாதிருக்க எழுத்துருவையோ அளவையோ மாற்ற வேண்டியிருக்கிறது.

ஆகவே விலை உயர்ந்த விடைப்பெட்டிக்கு (விசைப்பலகைக்குப் பதிலான பொத்தான் கருவி) முன், ஒளியை உணரும் ஒரு ஃபோட்டோடையோடு வாங்குங்கள். திரையின் மூலையில் ஒட்டி, தூண்டுசொல் வரும் அந்த 3 ஃபிரேமில் மட்டும் அங்கே வெள்ளைக் கட்டம் ஒளிரச் செய்து, அலைநோக்கியில் (ஆசிலாஸ்கோப்) நூறு முறையாவது பாருங்கள். எல்லாத் துடிப்பும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும்.