பிரமிப்பின் வேர்

பிரம்மாண்டமான ஒன்றைக் கண்டால் வருவது பிரமிப்பு என்பதால், இரண்டு சொற்களும் ஒரே வேரில் கிளைத்தவை என்று நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி நிற்கையில் அப்படி எண்ணுவது இயல்புதான். ஆனால் வேர்கள் வேறு. பிரம்மன், அண்டம் என்ற இரு வடசொற்கள் சேர்ந்தது பிரம்மாண்டம். அண்டம் என்றால் முட்டை. பிரம்மனின் முட்டை எனப் பேரண்டத்துக்கு வழங்கிய பெயரே பின்னர் மிகப் பெரிய எதற்கும் அடைமொழியாயிற்று. பிரமிப்போ, சுழலுதல், அலைதல் எனப் பொருள்படும் வேறொரு வடமொழி வினைவேரிலிருந்து வந்தது.

வடமொழியில் இவ்விரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். பிரம்மன் என்ற சொல், 'ப' போல ஒலிக்கும் நான்கு எழுத்துகள் கொண்ட பகர வரிசையின் மூன்றாம் எழுத்தில் தொடங்குகிறது. சுழலுதலைக் குறிக்கும் வேர், மூச்சை அழுத்தி ஒலிக்கும் நான்காம் எழுத்தில் தொடங்குகிறது. தமிழில் நான்குக்கும் ஒரே 'ப' என்பதால் அந்த வேறுபாடு எழுத்தில் மறைந்துபோனது. 'பிரமம்' என்ற சொல்லுக்குப் பரம்பொருள் என்றும் மயக்கம் என்றும் தொடர்பற்ற இரு பொருள்கள் அமைந்தது இதனால்தான்.

சுழற்சி எப்படி வியப்பாக மாறியது? வேகமாகச் சுற்றிவிட்டுச் சட்டென்று நின்றால், உட்செவியின் அரைவட்டக் குழல்களில் உள்ள திரவம் உடனே நிற்பதில்லை. உடல் நின்றுவிட்டதாகக் கண்ணும், இன்னும் சுழல்வதாகக் காதும் மூளைக்குச் சொல்ல, அசையாத சுவர் சுற்றுகிறது. ஆயுர்வேதம் தலைச்சுற்றலுக்கு இட்ட பெயரும் இந்த வேரிலிருந்து பிறந்ததே. இல்லாத சுழற்சியை உணர்வதிலிருந்து, இல்லாததை இருப்பதாகக் கொள்ளும் 'பிரமை' ஓரடி தூரம்தான். அங்கிருந்து, கண்டதை நம்ப முடியாமல் அறிவு தடுமாறும் பிரமிப்பு இன்னும் ஓரடி.

தமிழின் சொந்தச் சொல் ஒன்றும் இதே வழியில் நடந்திருப்பதுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. பொருளல்லாதவற்றைப் பொருளென்று உணர்வதை 'மருள்' என்கிறது திருக்குறள் (351). அந்த மருளிலிருந்து கிளைத்த மருட்கையைத் தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளுள், அதாவது உடலில் வெளிப்படும் உள்ளத்து உணர்ச்சிகளுள், ஒன்றாக, வியப்பு என்ற பொருளில் வைக்கிறது. அது தோன்றும் நிலைக்களன்களையும் சொல்கிறது: 'புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே.' 'மதிமை சாலா' என்பது அறிவு எட்டாத நிலையைக் குறிக்கும். பெருமைக்குப் பக்கத்திலேயே சிறுமையும் இடம்பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஓர் எறும்பின் கால் மூட்டை உருப்பெருக்கியில் பார்த்து வாயடைத்து நிற்பவரிடம், பிரமிப்புக்குப் பிரம்மாண்டம் தேவை என்று சொல்லிவிட முடியாது.

தமிழுக்கு வந்தபின் பிரமிப்பின் வடமொழி வேர் இரண்டாகப் பிரிந்தது. பிரமை தன் பழைய குறையைச் சுமந்தபடியே இருக்க, தியானி, சிந்தி போல 'இ' ஏற்று வினையான 'பிரமி' பாராட்டின் பக்கம் சாய்ந்துவிட்டது. இருந்தாலும் பழைய தடுமாற்றம் முழுதும் விலகவில்லை. 'வியந்தேன்' என்று இயல்பாகச் சொல்லும் நாம், இந்தச் சொல்லை மட்டும் பெரும்பாலும் 'பிரமித்துப் போனேன்' என்றே சொல்கிறோம். திகைத்துப் போனேன், அசந்து போனேன், குழம்பிப் போனேன் என்பவற்றிலும், நம் வசத்தில் இல்லாமல் நேர்ந்ததைக் காட்டும் அதே 'போ' ஒட்டிக்கொண்டிருக்கிறது.