ஒட்டுப்பாட்டு: மண்டைக்குள் ஓடும் பாட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஏதோ ஒரு பாட்டின் இரண்டு வரி காலையில் மண்டைக்குள் வந்து உட்காரும். பல் துலக்கும்போது ஓடும், மோட்டாரில் போகும்போது ஓடும், மத்தியானம் சோற்றைப் பிசையும்போதும் அதே இரண்டு வரிதான். நாம் கூப்பிடவில்லை, போ என்றாலும் போகாது. முழுப் பாட்டும் வருவதில்லை. பெரும்பாலும் பல்லவி, அதிலும் சில விநாடிக்குள் அடங்குகிற ஒரு துண்டு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆங்கிலத்தில் இதற்கு 'இயர்வோர்ம்' என்று பெயர். அதைப் பார்த்து 'காதுப்புழு', 'செவிப்புழு' என்று தமிழில் எழுதுகிறவர்கள் உண்டு. அந்தப் புழு நமக்கு வேண்டாம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்வதற்கு முன் அது எங்கிருந்து ஊர்ந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

ஆங்கிலம் இதை ஜெர்மனிலிருந்து எடுத்தது. ஜெர்மனில் 'ஓர்வுர்ம்'. 'ஓர்' காது, 'வுர்ம்' புழு. ஆனால் ஜெர்மானியர் அந்தப் பெயரை முதலில் வைத்தது பாட்டுக்கு அல்ல, ஒரு பூச்சிக்கு. வால்பக்கம் ஒரு சோடி இடுக்கி வைத்த, பழுப்பு நிறச் சின்னப் பூச்சி அது. மரப்பட்டை இடுக்கிலும் பூந்தொட்டிக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். தூங்குகிறவர் காதுக்குள் அது நுழைந்துவிடும் என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள். நம் தோட்டங்களில் பூரானைப் பற்றிச் சொல்வார்களே, 'தரையில படுக்காதே, காதுக்குள்ள பூரான் போயிரும்' என்று, அதே கதைதான். உண்மையில் அந்தப் பூச்சிக்கு மனிதக் காதில் ஒரு வேலையும் இல்லை. அப்புறம் 20ஆம் நூற்றாண்டில் பூச்சியின் பெயர் பாட்டுக்கும் வந்தது: உள்ளே நுழைந்துவிட்டு வெளியே வர மறுக்கிற பாட்டு. 1970களின் கடைசியில் அதன் நேர் மொழிபெயர்ப்பு இந்தப் பொருளில் ஆங்கில எழுத்தில் தலைகாட்டியது. 2000க்குப் பிறகு நன்றாகப் பரவியது. அதைப் பரப்பியதில் சின்சினாட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் கெல்லாரிசுக்குப் பெரிய பங்கு உண்டு. மூளையில் ஏற்படும் அரிப்பு என்றும் அவர் இதைச் சொன்னார். சொறியச் சொறிய அரிப்பு கூடும். மனத்துக்குள் பாடப் பாடப் பாட்டும் கூடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் 'இயர்வோர்ம்' என்ற சொல் அதற்கு முன்பே சோளக்கதிரைத் தின்னும் ஒரு புழுவுக்குப் பெயராக இருந்தது. 'இயர்' என்றால் காதும் உண்டு, கதிரும் உண்டு. இரண்டும் வெவ்வேறு வேரிலிருந்து வந்து ஒரே எழுத்தில் முடிந்தவை. ஆக, ஒரு பூச்சியும் ஒரு பயிர்ப்புழுவும் நிற்கிற வரிசையில்தான் நம் பாட்டையும் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

தமிழில் புழு என்றதும் நினைவுக்கு வருவது என்ன? அழுகிய காய், சீழ் வைத்த புண், வண்டு விழுந்த அரிசி. ஆனால் மண்டையில் ஓடுகிற பாட்டு பெரும்பாலும் நமக்குப் பிடித்த பாட்டுதான். ஆய்வுகளில் கேட்டபோதும் பெரும்பாலோர் அது இன்பமாகவோ, தொந்தரவில்லாமலோ இருப்பதாகவே சொல்லியிருக்கிறார்கள். எரிச்சல் மூட்டுகிறவை குறைவு. எரிச்சல் மூட்டுவதால் அவை நினைவில் நின்றுவிடுகின்றன. அதைவிட முக்கியமான ஒன்று: பாட்டு வெளியிலிருந்து காதுக்குள் நுழையவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்தது எழும்பி ஓடுகிறது. 2005இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் பழக்கமான பாட்டுகளை ஒலிக்கவிட்டு நடுநடுவே சில விநாடி சத்தத்தை அறுத்துவிட்டார்கள். ஒலி நின்ற இடத்திலும் ஒலியைக் கேட்டறிகிற மூளைப்பகுதி வேலை செய்துகொண்டிருந்தது. பாட்டை மூளையே நிரப்பிக்கொண்டது. புழு என்ற உருவகத்துக்கு இங்கே இடமே இல்லை.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள்? பின்லாந்துக்காரர் ஜெர்மன் வழியே போய்க் காதுப்புழு என்றே வைத்துக்கொண்டார்கள். டேனிஷ் மொழியில் 'காதில் தொங்குவது'. பிரேசிலில் 'சூயிங்கம் பாட்டு'. இத்தாலியில் வேதனையைக் குறிக்கிற சொல்லிலிருந்தே ஒரு பெயரை உருவாக்கிக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது நம் பக்கத்து வீட்டு மலாய்: 'தெர்ஙியாங்-ஙியாங்'. கேட்ட ஒன்று காதில் விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டே இருப்பதற்கு அந்தச் சொல். பாட்டுக்கு மட்டுமல்ல, இறந்துபோனவர் குரலுக்கும் அதைத்தான் சொல்வார்கள். சொல்லைச் சொன்னாலே சத்தம் கேட்கிறது. பூச்சியைத் தேடி அவர்கள் போகவில்லை.

சரி, நம் ஆட்கள் என்ன சொல்கிறார்கள்? நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். ஈப்போவிலிருந்து கோலாகங்சார் போகிற பழைய சாலையில், ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரமாக (ரப்பர்) இருந்து இப்போது பெரும்பகுதி செம்பனையாகிவிட்ட (எண்ணெய்ப்பனை) பட்டணம். தோட்டத்து லயங்களை விட்டு வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் இங்கே அதிகம். பழைய பேப்பர் வாங்குகிற வேன் எங்கள் தாமானுக்குள் (குடியிருப்புக்குள்) வரும். ஒலிபெருக்கியில் ஒரே பதிவு, 'சூராட் காபார் லாமா' என்று இழுத்து இழுத்து. ஒவ்வொரு சந்தாக நுழைந்து வெளியேற அரை மணி நேரம் ஆகும். அது போய் வெகுநேரம் கழித்து, பின்பக்கம் பாத்திரம் தேய்க்கிற அக்கா அதே இழுப்பில் அதையே முணுமுணுத்துக்கொண்டிருப்பார். கேட்டால், 'காலையில இருந்து மண்டையிலேயே ஓடுது லா' என்பார். கோயில் திருவிழா முடிந்த மறுநாளும் இப்படித்தான். ஒலிபெருக்கியை இறக்கிவிட்டிருப்பார்கள், ஆனால் பாதிப் பேர் வாயில் அம்மன் பாட்டு ஓயாது. 'வாயில ஒட்டிக்கிச்சு', 'காதுலயே நிக்குது', 'மனசுல ஓடிக்கிட்டே இருக்கு' என்பார்கள். புழு என்று ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தப் பேச்சைக் கவனித்தால் இரண்டு வினைகள் திரும்பத் திரும்ப வருகின்றன: ஒட்டு, ஓடு. பாட்டு ஒட்டிக்கொள்கிறது; பிறகு ஓடுகிறது. ஆங்கிலச் சொல்லில் இந்த இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. பாட்டையும் அதே சொல்லால் சொல்கிறார்கள், அந்த நிலையையும் அதே சொல்லால் சொல்கிறார்கள். நாம் பிரித்தே வைக்கலாம். பாட்டுக்கு 'ஒட்டுப்பாட்டு'. அது மண்டையில் ஓடுகிற நிலைக்குப் 'பாட்டோட்டம்'. எண்ண ஓட்டம், நீரோட்டம், இரத்த ஓட்டம் என்று ஏற்கெனவே ஓடுகிறவற்றோடு இதுவும் சேர்ந்துகொள்ளும்.

ஒட்டுப்பாட்டு என்ற வடிவத்தை நான் ஒட்டுப்பாலிலிருந்து எடுத்தேன். பால்மரக்காட்டில் வேலை செய்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன் மரத்தில் கத்தி போட்டுக் கோடு இழுப்பார்கள். அந்தக் கோட்டு வழியே பால் வடிந்து மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், விழும். மங்கிலிருந்ததை வாளியில் ஊற்றிக்கொண்டு போன பிறகும், கடைசியில் கசிகிற கொஞ்சம் பால் கோட்டிலேயே உறைந்து ஒரு நாடாவாகப் படிந்துவிடும். அதுதான் ஒட்டுப்பால். அடுத்த முறை மரத்துக்கு வருகிறவர் அதை நகத்தால் கிளப்பி ஒரே இழுப்பில் உரித்துக் கூடையில் போட்டுவிட்டுத்தான் புதிதாகக் கத்தி வைப்பார். பாட்டும் அப்படித்தான். முழுதாக ஓடி முடிந்தது போய்விடுகிறது. முடியாமல் நின்றுபோன துண்டு ஒட்டிக்கொள்கிறது.

இது வெறும் அழகுக்காகச் சொன்னதல்ல. முடிந்த வேலையைவிட முடியாத வேலை அதிகம் நினைவில் நிற்கும் என்று 1927இலேயே புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் எழுதினார். பாட்டின் ஒரு துண்டு மட்டும் சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எந்தப் பாட்டு ஒட்டும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் டரம் பல்கலைக்கழகத்து கெல்லி ஜாகுபோவ்ஸ்கியும் குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 3,000 பேரிடம் கேட்டார்கள். ஒட்டுகிற பாட்டுகள் கொஞ்சம் வேகமானவை. மெட்டின் ஏற்ற இறக்கம் பழக்கமான வடிவில், குழந்தையும் பாடுகிற மாதிரி இருக்கும்; ஆனால் எங்கோ ஓரிடத்தில் எதிர்பாராத தாவல் ஒன்று இருக்கும். நம் பட்டணத்துப் பேப்பர் வேனுக்கு வேகம் இல்லைதான், ஆனால் அந்த 'லாமா'வின் இழுப்பு இருக்கிறதே! அப்புறம், அடிக்கடி கேட்பதும், அண்மையில் கேட்டதும்தான் பெரிய காரணங்கள். வானொலியில் ஒரு பாட்டை ஒரே நாளில் பலமுறை போட்டால் ஒட்டாமல் என்ன செய்யும்? இது அரிய நோயும் அல்ல. பின்லாந்தில் 12,000க்கும் மேற்பட்டவர்களிடம் இணையவழி கேட்டபோது, ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் வாரத்துக்கு ஒருமுறையாவது வருகிறது என்றார்கள்.

மனம் சும்மா இருக்கும்போது அது நன்றாக ஓடும். பாத்திரம் தேய்ப்பது, செம்பனைக் காட்டுச் சாலையில் வண்டி ஓட்டுவது போன்ற, கைக்குப் பழகிய வேலைகள் அதற்குத் தோது. அமெரிக்காவில் ஐரா ஹைமனும் குழுவினரும் 2013இல் கண்டது என்னவென்றால், வேலை மிக எளிதாக இருந்தாலும் வரும், தலை சுற்றுகிற அளவுக்குக் கடினமாக இருந்தாலும் வரும். குறுக்கெழுத்து, சுடோக்கு மாதிரி மனத்தை அளவாகப் பிடித்துக்கொள்கிற ஒன்றைச் செய்தால் விலகும். 2015இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் சூயிங்கம் மென்றவர்களுக்குப் பாட்டோட்டம் குறைந்தது. மனத்துக்குள் பாடும்போதும் வாயும் நாக்கும் அசையத் தயாராகின்றன. அவற்றுக்கு வேறு வேலை கொடுத்தால் பாட்டு தடுமாறுகிறது. இன்னொரு வழி, பாட்டை எடுத்துப் போட்டு முதலிலிருந்து கடைசிச் சரணம் வரை கேட்டுவிடுவது. ஒட்டுப்பாலை உரித்த மாதிரிதான். எனக்கு உதவுவது பெரும்பாலும் இதுதான். பிடிவாதமாக 'நினைக்க மாட்டேன்' என்று மல்லுக்கு நின்றால் அது இன்னும் பலமாக ஓடும்.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். பாட்டோட்டத்தில் அது மனத்துக்குள் ஓடுகிறது என்பது நமக்கே தெரியும். வெளியே யாரோ பாடுகிற மாதிரியே, பக்கத்து வீட்டு வானொலி மாதிரியே நிஜமாகக் கேட்டால் அது வேறு; செவித்திறன் குறைந்த முதியவர்களுக்கு அப்படிக் கேட்பதுண்டு. காதில் 'கொய்ங்' என்று ஒரே சத்தம் கேட்பது காது இரைச்சல், அதுவும் வேறு. இந்த இரண்டுக்கும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். வீட்டில் பாட்டி 'யாரோ பாடுறாங்க' என்றால் சிரிக்காமல் அழைத்துப் போங்கள்.

உளவியல் கட்டுரைகளில் இதற்கு நீளமான ஒரு கலைச்சொல் உண்டு. அதைத் தமிழில் 'அனிச்சை இசை நினைவு' என்று எழுதலாம். அனிச்சைச் செயல் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம், புரியும். 'ரீங்காரம்' என்பதையும் சிலர் முன்வைக்கலாம். வண்டின் ஒலிக்கு அது சரி, ஆனால் ரீங்காரத்தில் வரியும் சொல்லும் கிடையாது. 'ஓடுபாட்டு' என்றும் யோசித்தேன். வினைத்தொகையாக, ஓடிய, ஓடுகிற, ஓடும் பாட்டு என்று மூன்று காலத்துக்கும் பொருந்துகிறது. வேகமாகச் சொன்னால் தேர்தல் நேரத்து ஓட்டுப் பாட்டாகக் காதில் விழுகிறது என்பதால் விட்டுவிட்டேன்.

எழுதும்போது ஒட்டுப்பாட்டு என்று நடுவில் 'ப்' போட்டே எழுத வேண்டும், ஒட்டுப்பால் போலவே. பாட்டு, ஓட்டம் இரண்டும் சேர்ந்து பாட்டோட்டம். 'திருவிழாவில் கேட்டது எனக்கு இன்னும் ஒட்டுப்பாட்டாக இருக்கிறது', 'வண்டி ஓட்டும்போது பாட்டோட்டம் அதிகம்' என்று கட்டுரையிலும் செய்தியிலும் தாராளமாக எழுதலாம். பேச்சில் 'மண்டையில ஓடுது' என்பதை யாரும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.