உத்தி: சொல்லும் பொருளும்

ஒரு நூல் தன் பொருளை வாசகர் மனத்தில் சேர்ப்பதற்கு அதை எழுதியவர் கையாளும் வழிதான் உத்தி. 'இலக்கிய உத்திகள்' என்று தலைப்பிட்டு உவமை, உருவகம், எதுகை என்று அடுக்கிவிடும் வழக்கம் நம் பாடக்குறிப்புகளில் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை அணிகள், அதாவது சொல்லுக்கும் பொருளுக்கும் அழகு சேர்ப்பவை. உத்தி நூலின் கட்டுமானத்தைச் சேர்ந்தது.

'உத்தி' என்ற சொல் வடமொழியின் 'யுக்தி'யிலிருந்து வந்தது. 'யுஜ்' என்னும் வேர் இணைத்தல், பொருத்துதல் என்று பொருள்படும். யோகம் பிறந்ததும் இதே வேரில்தான். தமிழில் இது உத்தியாகி, தொல்காப்பிய மரபியலிலேயே 32 உத்திகளாக வந்துவிட்டது. நன்னூலும் 32 உத்திகள் சொல்கிறது. அவற்றில் ஒன்றான 'இரட்டுற மொழிதல்', அதாவது ஒன்றை இரண்டு பொருள்படச் சொல்வது, இன்றும் வழக்கில் இருக்கிறது. கௌடில்யரின் வடமொழி அரசியல் நூலான அர்த்தசாஸ்திரத்தின் கடைசிப் பகுதியிலும் தந்திரயுக்திகள் 32. அங்கே தந்திரம் என்றால் நூல், சூழ்ச்சி அல்ல. (திருமுருகாற்றுப்படையில் வரும் 'தெய்வ உத்தி' தலையில் அணியும் நகை. அது வேறு சொல்.)

சரி, வடசொல் வழி வந்ததால் இதைத் தள்ளிவிட்டு 'நுட்பம்' என்று எழுதலாமா? வேண்டாம் என்பேன். நுட்பம் நுணுக்கத்தைக் குறிக்கும். ஒன்றை இன்னொன்றோடு பொருத்தி வைக்கும் செயல் அதில் வராது. 'டெக்னிக்' என்று எழுதும் இடத்திலெல்லாம் 'உத்தி' தாராளமாகப் பொருந்தும். 'யுக்தி' என்ற வடிவம் சாமர்த்தியம் என்ற பொருளில் பேச்சில் இருக்கட்டும்.

தொல்காப்பியம், நன்னூல் இரண்டிலும் உள்ள 'எதிரது போற்றல்' என்ற உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. பின்னால் வரப்போவதை மனத்தில் வைத்து முன்னாலேயே அதற்கு இடம் செய்வது அது. இலக்கண நூலுக்குச் சொன்னதுதான், ஆனால் நாவலில் இன்று நாம் முன்னுணர்த்தல் என்று சொல்வதற்கு மிக அருகில் நிற்கிறது.

கல்கி 1950-இல் தொடராக எழுதத் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' கதையைப் பாருங்கள். மூன்றாம் பாகத்தில் கதாநாயகன் வந்தியத்தேவன் ஒரு கொல்லுப்பட்டறைக்குப் போகிறான். அங்கே ஒரு வாள் தயாராகிக்கொண்டிருக்கிறது. அதில் மீன் சின்னம். புலிக்கொடி பறக்கும் சோழ நாட்டில் பாண்டியரின் மீனுக்கு என்ன வேலை? கல்கி எதையும் விளக்கத் தேவையில்லை, அந்தச் சின்னமே நமக்குத் திக்கென்று ஆக்கிவிடுகிறது. பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலையைக் கொய்தவன் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன். அவனைப் பழிவாங்கத் துடிக்கும் நந்தினியின் கைக்கு அந்த வாள் போகிறது. இத்தனைக்கும் அந்தப் பாகத்தின் பெயரே 'கொலை வாள்'. ஆனால் கரிகாலனின் கொலை நடப்பது கடைசிப் பாகமான 'தியாக சிகரத்'தில்தான். அதுவரை நந்தினி அன்பாகப் பேசும் ஒவ்வொரு வரியையும் அந்த வாளை நினைத்துக்கொண்டேதான் படிக்கிறோம். கதையின் பொருள் ஆழமாவது இங்கேதான். அந்த ஒரு வாள் பழைய கொலையின் நினைவையும் வரப்போகும் கொலையின் அச்சத்தையும் ஒரே பொருளில் இணைத்துவிடுகிறது. வேர்ச்சொல் சொன்ன இணைத்தல் அப்படியே நடக்கிறது.

இதன் மறுபக்கமாக, சொல்லாமல் விடுவதும் கல்கியிடம் ஓர் உத்திதான். கடம்பூர் மாளிகையில் கரிகாலன் விழும்போது இருள் சூழ்ந்துவிடுகிறது; யார் கொன்றது என்று அவர் உறுதியாகச் சொல்லவில்லை. வரலாற்றிலும் அந்த இடம் பாதி இருட்டுதான். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய சகோதரர்களைத் துரோகிகள் என்கிறது, அவர்களைச் சேர்ந்தவர்களின் நிலங்கள் பறிபோனதையும் பதிவு செய்கிறது. எப்படிக் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள் என்பது அதில் இல்லை. கல்கி அந்த இடைவெளியை அடைக்காமல், மாளிகையின் இருட்டாகவே கதைக்குள் வைத்துவிட்டார்.